கூடுதல் பொறுப்பு

அஞ்சலாட்சி விழுந்தபோது
தலை புதுச்சேரியில் இருந்தது,
கால் கடலூர் மாவட்டத்தில்.
மீன்கூடை எந்தப் பக்கம் என்று
யாரும் எழுதிவைக்கவில்லை.
நண்டுகள் மட்டும்
இரண்டு பக்கமும் ஓடின.

கன்னியக்கோயில் தாண்டி
எல்லைக்கல்லை ஒட்டிப் போகிறதே வாய்க்கால்,
அதற்குச் சிமெண்ட் மூடி இல்லாமல் போய்
மூன்று ஐப்பசி ஆயிற்று.
இரவில் அங்கே வெளிச்சம் உண்டு,
ஒயின்ஷாப் பலகையின் பச்சை வெளிச்சம்.
பள்ளம் வரைக்கும் எட்டாது.

நான் கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தர்.
மூடி பற்றிய கோப்பு என் மேசையில்தான் பிறந்தது.
பிறந்தபோது நாலு பக்கம்.
இப்போது நூற்றுப் பதினெட்டு,
நாடா போதாமல் சணலால் கட்டியிருக்கிறேன்.

ஆணையர் கலிவரதன் சார்.
தேர்தல் நடக்காததால்
தலைவர் வேலையும் அவருக்கே, கூடுதல் பொறுப்பு.
காலையில் ஆணையராக எழுதுவார்:
மூடிக்கு ஒப்புதல் வேண்டப்படுகிறது.
மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து
தலைவராக அதைப் படிப்பார்:
தெளிவுரை தேவை.
பதினைந்து நாளில் பதில் வராவிட்டால்
தனக்கே நினைவூட்டு அனுப்புவார்.
தபால் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து,
ஒரே பேனா.
நல்ல மனிதர். ஒருமுறை
தன் மேலேயே கோபம் வந்து
‘தாமதம் வருத்தத்துடன் கவனிக்கப்படுகிறது’ என்று
சிவப்பு மையில் எழுதினார்.

கோப்பு ஒருவழியாகக் கடற்கரைப் பக்கம் போனது.
அமைச்சர் அறையில் ஒரு மாதம்,
ஆளுநர் மாளிகையில் ஒன்றரை.
ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது:
இது பழுதுபார்ப்பா, புதிய பணியா?
அமைச்சர் பழுது என்றார்.
மாளிகை புதிது என்றது.
மழை ஒன்றும் சொல்லவில்லை,
பள்ளத்தை நிரப்பி
ரோடு போலவே ஆக்கிவைத்தது.
அதில்தான் அஞ்சலாட்சி.

அந்தப் பக்கத்து ஊராட்சிக்கும் எழுதினோம்.
நல்ல தமிழில் பதில் வந்தது:
பார்வையில் காணும் பள்ளம்
தங்கள் எல்லையில் தொடங்குவதால்
தாங்களே தொடங்கலாம்.

சவரி, என் தம்பி, ஒஹாயோவிலிருந்து பேசினான்.
அவன் ஊரில் பனி வாரும் வண்டி
கவுண்டி எல்லை வந்ததும்
அலகைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடுமாம்.
அவன் வாசல் எல்லைக்கு அப்பால் இருபதடி.
இவனுடைய கவுண்டியில்
பட்ஜெட்டே நிறைவேறவில்லை,
கூட்டத்தில் மூன்று நிமிடம் பேச விட்டார்கள்,
முப்பது பேர் கத்தினோம் என்றான்.
தொண்டை கட்டியிருந்தது.
“அங்க எப்படிண்ணா?”
“மூடி இல்ல” என்றேன்.
எந்த மூடி என்று அவன் கேட்கவில்லை.

மாவுக்கட்டோடு வந்தாள் அஞ்சலாட்சி,
இழப்பீட்டுப் படிவம் வாங்க.
‘விழுந்த இடம்’ என்று ஒரு கட்டம்.
“கட்டம் இத்துனூண்டு இருக்கே,
நான் நீட்டமால்ல விழுந்தேன்” என்றாள்.
நான் குனிந்து முத்திரையைத் தேடினேன்.
கிடைத்தது. மைப்பெட்டி காய்ந்திருந்தது.

அன்று சாயங்காலம்
மன்றக் கூடத்தைத் திறந்தேன்.
நாற்காலிகளில் பிளாஸ்டிக் உறை
இன்னும் கிழிக்கப்படவில்லை.
சுவரில் தேக்குப் பலகை,
வரிசையாய்த் தலைவர்கள் பெயர்.
கடைசிப் பெயருக்கு எதிரே ‘முதல்’ இருக்கிறது,
‘வரை’ காலி.
நானும் வாட்ச்மேன் எத்திராசுவும் கழற்றினோம்.
நல்ல கனம்.
டிவிஎஸ்ஸில் குறுக்கே வைத்துக் கொண்டுபோய்
பள்ளத்தின் மேல் கவிழ்த்துப் போட்டோம்,
பெயர்கள் தண்ணீரைப் பார்க்கும்படி.

காலையில் இருப்புப் பதிவேட்டில் எழுதினேன்:
பெயர்ப்பலகை ஒன்று, பயன்பாட்டில் உள்ளது.
பொய்யில்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் மேல்
தடதடவென்று ஓடியபோது
மன்றம் கூடிய மாதிரி ஒரு சத்தம்.

தெற்கே மட்டும் ஒரு சாண் எட்டவில்லை.
“சின்னதா ஒரு கட்டை வெச்சிடலாமா சார்?”
எத்திராசு கேட்டான்.
குனிந்து எல்லைக்கல்லைப் பார்த்தேன்.
“வேணாம். அது அவங்களுது” என்றேன்.